அந்தோனியாரின் பத்துக் கோழிகளும் நான் சொன்ன பதிலும்

இந்த மாசி மாதம் மூன்று நாள் வன்னிக்குள் பஸ் ஏறி இறங்கினேன். சுற்றிப் பார்க்கப் போகவில்லை. பூவரசங்குளத்தில் இருக்கும் என் தங்கை சாந்தியின் கோழிக்கொட்டிலுக்கு அந்த வியாழக்கிழமை முந்நூறு குஞ்சுகள் வரவிருந்தன. அவற்றின் தீனில் பவுடர் கலப்பதா, விடுவதா என்று அவளுக்குப் பார்த்துச் சொல்லத்தான் போனேன். கொழும்பில் வரைபடம் வரையும் வேலை பார்ப்பவள் நான். கோழியைத் தட்டில் மட்டும்தான் நன்றாகத் தெரியும். ஆனாலும் 'அக்கா படிச்சவா, பார்த்தால் விளங்கும்' என்று என் தங்கை நம்புகிறாள். இந்த நம்பிக்கையால் வந்த வினையைத்தான் கீழே எழுதுகிறேன். வழி, நேரம், கட்டணம் எல்லாம் வழக்கம்போல் இருக்கும்; அவை மட்டும் போதுமென்றால் நடுவில் வரும் கோழிக் கதையைத் தாண்டிப் போய்விடலாம்.

பவுடர் என்றால் தீவனக் கடைகளில் சின்னப் பக்கெற்றில் கிடைக்கும் மஞ்சள் தூள். அன்ரிபயோட்டிக் மருந்து. நோய் வந்த கோழிக்கு அல்ல, நோயில்லாத கோழி கெதியாகக் கொழுக்கவேண்டும் என்பதற்காகத் தீனில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலப்பார்கள். சாந்தியும் கலந்துதான் வந்தாள். போன முறை யாரோ கூடாது என்று சொன்னதைக் கேட்டு நடுவில் நிறுத்தினாள். கோழிகளுக்குக் கழிச்சல் வந்து, அறுபதுக்கு மேல் செத்து, மிச்சமும் வளராமல் நின்றுவிட்டன. "இந்த முறையும் பிழைச்சுதெண்டால் கொட்டிலைப் பிரிச்சுப்போட்டு கார்மென்ற்ஸுக்குப் போறன் அக்கா" என்றாள். விடிய ஐந்து மணிக்குத் தையல் தொழிற்சாலை வேலைக்காரரை ஏற்றும் பஸ்ஸில் ஏறினால் இருட்டிய பிறகுதான் வீடு. அவளுடைய இரண்டு பெண் பிள்ளைகளையும் பார்க்க வேறு ஆளில்லை. அவள் அதைச் சிரித்துக்கொண்டே சொன்னாள்; எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இதற்கிடையில் முல்லைத்தீவுக் கடற்கரையில் இருந்து அவளுக்கு ஒரு படம் வந்திருந்தது. அனுப்பியவர் பிலோமினா. இருவரும் கோழி வளர்ப்புப் பயிற்சி ஒன்றில் பழகியவர்கள். பிலோமினாவுக்கும் ஒருமுறை கோழிகள் சாகத் தொடங்கியபோது, அடுத்த தொகுதி தப்பினால் பத்துக் கோழி தருவதாக அந்தோனியாருக்கு நேர்ந்திருக்கிறார். தப்பியது. நேர்ந்த பத்தையும் குஞ்சாக இருக்கும்போதே தனியாக அடைத்து, பவுடர் ஒரு துளியும் காட்டாமல் வளர்த்திருக்கிறார். கடவுளுக்குக் கொடுப்பதில் மருந்து கலக்கக்கூடாது என்பது அவருடைய கட்டுப்பாடு. மற்றக் கோழிகள் பவுடர் தின்றவை. படத்தில் இரண்டு கூட்டமும் ஒரே பருமனாக நின்றன. செவ்வாய்க்கிழமை பூசை முடிந்ததும் பத்தும் ஏலத்துக்குப் போய்விடும். அதற்கு முன் யாராவது போய்க் கண்ணால் பார்க்கவேண்டும். சாந்தி கொட்டில் கழுவி, சுண்ணாம்பு அடித்து, உமி பரப்பவேண்டும். ஆகவே நான்.

திங்கட்கிழமை காலை 5.50க்குப் பூவரசங்குளத்தில் பஸ் ஏறினேன். வவுனியாவுக்கு 90 ரூபா, அரைமணி நேரத்துக்குச் சற்று மேல். அங்கிருந்து 6.45க்குத் தனியார் பஸ், கிளிநொச்சிக்கு 310 ரூபா. ஏறத்தாழ எண்பது கிலோமீற்றரை இரண்டு மணி நேரத்தில் கடந்தது. ஏ9 வீதியைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. நல்ல வீதி, நித்திரை வரும். இடப்பக்க யன்னலில் இருந்தால் காலை வெயில் முகத்தில் அடிக்காது.

நேரே முல்லைத்தீவுக்குப் போகாமல் ஏன் இவ்வளவு வடக்கே போனேன் என்று வன்னி தெரிந்தவர்கள் கேட்பீர்கள். கிளிநொச்சியில் ஒரு மிருகவைத்தியரைச் சந்திக்க ஒழுங்கு செய்திருந்தேன். போய் நின்றால், அவர் அக்கராயனில் மாடு பார்க்கப் போய்விட்டாராம். போகவர 3,500 ரூபா பேசி ஓட்டோ பிடித்தேன். மீற்றரில் ஒருபக்கம் 19 கிலோமீற்றர் காட்டியது. வயல்களில் வெட்டு நடந்துகொண்டிருந்தது. வீதியின் ஒரு பாதியில் நெல் காயப்போட்டிருந்ததால் ஓட்டோ மறுபாதியில் வளைந்து வளைந்து போனது.

"டொக்டரிட்டை என்ன வருத்தம் காட்டப் போறியள்?" என்று ஓட்டோக்காரத் தம்பி கேட்டார்.

"வருத்தமில்லை. கோழி ஏன் கொழுக்குது எண்டு கேக்கப் போறன்."

அவர் கண்ணாடியில் என்னை ஒருமுறை பார்த்தார்.

வைத்தியர் என்னைவிடப் பதினைந்து வயதாவது இளையவர். பசு ஒன்றின் மடியை அழுத்திப் பார்த்துக்கொண்டே பேசினார். நான் கொப்பியைத் திறந்து வைத்திருந்தேன்.

"மருந்து கிருமியைக் கொல்லுது, அதால கோழி வளருது. அப்பிடித்தானே?" என்றேன்.

"அப்பிடித்தான் கனபேர் சொல்லுவினம். ஆனா அந்தளவு கொஞ்ச மருந்து எல்லாக் கிருமியையும் கொல்லக் காணாது. இன்னொரு கதையும் இருக்கு. கோழியின்ர குடலில நெடுகலும் ஒரு சின்ன அழற்சி இருக்கும், எங்களுக்குக் காயத்தைச் சுத்திச் சிவந்து வீங்குமே, அது மாதிரி. அதோட மல்லுக்கட்டவே தின்ற தீனில ஒரு பங்கு போயிடும். மருந்து அழற்சியைத் தணிச்சால் அந்தப் பங்கும் இறைச்சியாகும்."

"அப்ப மருந்து கிருமியைக் குறைக்கிறதால அழற்சி குறையுதோ, இல்லாட்டி மருந்தே நேரா அழற்சியைக் குறைக்குதோ?"

"அதிலதான் ஒத்த கருத்து இல்லை. ரெண்டும் இருக்கலாம்."

நான் கொப்பியில் ஒரு அம்புக்குறி போட்டு, அதை வெட்டி, எதிர்ப்பக்கம் பார்க்க இன்னொன்று போட்டேன். "சரி, என்ர தங்கச்சி போடலாமோ?"

"போடவேண்டாம். வருத்தம் வந்தால், நான் பார்த்து எழுதித் தந்தால் மட்டும்தான். சும்மா கொழுக்கிறதுக்கு நெடுகப் போட்டால் கிருமி அந்த மருந்துக்குப் பழகிப்போயிடும். பிறகு கோழிக்கும் கேக்காது, ஆக்களுக்கும் கேக்காது."

"போடாமல் விட்டுத்தானே அவளுக்கு அறுபது செத்தது?"

"கொட்டில் துப்பரவா இருந்தால் அழற்சி குறையும், மருந்து தேவைப்படாது."

"எவ்வளவு துப்பரவு?"

அவர் பசுவை விட்டு நிமிர்ந்தார். "அந்தக் கேள்விக்கு என்னட்டையும் மறுமொழி இல்லை அக்கா. ஒவ்வொரு கொட்டிலும் ஒவ்வொரு மாதிரி." பிறகு, போகிறபோக்கில், பவுடர் தின்ற கோழியின் குடல் பெரும்பாலும் மெல்லிசாகவும் பாரம் குறைவாகவும் இருக்கும், கழுவும்போது பாருங்கோ என்றார். நன்றி சொல்லிவிட்டு வந்தேன். தெளிவு தேடிப் போனவளுக்குக் கொப்பியில் வெட்டும் குத்தும்தான் மிச்சம். ஆனால் அவர் மேல் கோபம் வரவில்லை. தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் வைத்தியரைப் பார்த்துக் கனகாலம்.

கிளிநொச்சியைத் தாண்டியுள்ள பரந்தன் சந்தியில் 12.40க்கு முல்லைத்தீவு பஸ். 230 ரூபா, ஐம்பது கிலோமீற்றருக்குச் சற்று மேல், ஒரு மணியும் நாற்பது நிமிடமும். சந்தியில் காத்திருந்தபோது ஒரு சோடாவும் இரண்டு வடையும் 240 ரூபா. வடை ஆறிப்போயிருந்தது, பசியில் தெரியவில்லை. முல்லைத்தீவில் இருந்து பிலோமினாவின் ஊருக்கு ஓட்டோ 600 ரூபா. அவர் கேட்டுக்கொண்டதால் ஊரின் பெயரை எழுதவில்லை.

பிலோமினாவுக்கு நாற்பது வயதிருக்கும். கணவர் சூசை களப்பில் மீன் பிடிப்பவர். நான் போனபோது வேப்பமரத்துக்குக் கீழே இருந்து வலையின் கிழிசல் பொத்திக்கொண்டிருந்தார். கொட்டில் ஒன்றுதான், நடுவில் பழைய மீன்வலையால் பிரித்திருந்தார்கள். பெரிய பக்கத்தில் நூற்றுச் சொச்சம் கோழிகள், உமியில். களப்புக் காற்றுக்கு உமி நசநசத்து, மூக்கைச் சுளிக்கவைத்தது. சின்னப் பக்கத்தில் அந்தோனியாரின் பத்து. கீழே வெள்ளைக் கடற்கரை மணல். கம்பியில் புனிதரின் சின்னப் படம்.

"மணலை எத்தினை நாளைக்கு ஒருக்கா மாத்துறனீங்கள்?"

"ஒவ்வொரு நாளும். விடியச் செபம் சொல்ல முன்னம் அள்ளிப்போட்டு புது மணல் கொட்டுவன். அந்தோனியாற்றை கோழியளை ஊத்தைக்குள்ள விடேலுமே?"

சூசையின் மீன் தராசில் இரண்டு பக்கத்திலும் ஐந்தைந்து கோழி நிறுத்தோம். நாற்பத்தொரு நாள் வயது. பவுடர் தின்றவை இரண்டு கிலோவுக்குச் சற்று முன்னே பின்னே நின்றன. அந்தோனியாருடையவை எல்லாம் அதைத் தாண்டின. அதில் ஒன்று, இரண்டு கிலோ நூற்றைம்பது கிராம். எனக்குத் துள்ளவேண்டும் போல் இருந்தது. துப்பரவான மணல், அதனால் அழற்சி இல்லை, அதனால் மருந்தும் தேவையில்லை! கொப்பியில் வெட்டாமல் ஒரு அம்புக்குறி போட்டேன். அங்கேயே நின்று சாந்திக்கு அழைப்பு எடுத்தேன்.

"சாந்தி, பவுடர் தேவையில்லை. நான் என்ர கண்ணால பார்த்தனான்."

"நிச்சயமோ அக்கா?"

"நிச்சயம்."

அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "அப்ப வாங்கி வச்ச பக்கெற்றுகளைக் கடையில திருப்பிக் குடுத்திடுறன். முந்நூறும் வரட்டும்." அன்று நான் சாப்பிட்ட புட்டும் மீன்குழம்பும் தனி ருசி. பிலோமினா வீட்டிலேயே தங்கினேன். காசு வாங்கமாட்டோம் என்றுவிட்டார்கள்.

செவ்வாய் காலை 6.30க்குப் பூசை. முடிந்ததும் கோயில் முற்றத்தில் ஏலம். நேர்த்திக்கு வந்த தேங்காய்க் குலை, ஒரு பாரை மீன், இரண்டு ஊர்ச் சேவல், கடைசியாகப் பிலோமினாவின் வெள்ளைக் கோழிகள். கோயில் மூப்பர் ஒன்றைத் தூக்கிக் காட்டியதும், "அந்தோனியார் இப்ப புறொயிலரோ சாப்பிடுறார்?" என்று யாரோ கேட்க, முற்றம் முழுக்கச் சிரிப்பு. பிலோமினா தலையில் போட்ட முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நிமிர்ந்து நின்றார். ஆனால் ஏலம் ஏறியது. நானும் கைதூக்கி 3,200 ரூபாவுக்கு ஒன்றை எடுத்தேன். கடையில் இதைவிட மலிவு என்பது எனக்கும் தெரியும். நேர்த்திப் பொருளில் அந்தக் கணக்கு யாரும் பார்ப்பதில்லை.

மத்தியானச் சமையலுக்கு என் கோழியோடு பெரிய பக்கத்துக் கோழி ஒன்றையும் அடிக்கும்படி நானே கேட்டேன். வைத்தியர் சொன்ன குடலைப் பார்க்கும் ஆசை. குசினி வாசலில் பிலோமினா இரண்டின் குடலையும் கழுவி ஒரு தட்டில் பக்கத்தில் பக்கத்தில் போட்டார். பவுடர் தின்றது மெல்லிசு, கிட்டத்தட்ட வெளிச்சம் தெரியும் அளவுக்கு. அந்தோனியாருடையது சரியாக அதே மாதிரி.

"மருந்து தின்னாததின்ர குடல் கொஞ்சம் மொத்தமாத்தான் இருக்கும். எத்தினை கோழி கழுவியிருக்கிறன்" என்றார் பிலோமினா. இன்னொரு தரம் விரலால் இழுத்துப் பார்த்தார். பிறகு வேப்பமரத்தடியைப் பார்த்தார். சூசை வலையை முகத்துக்குக் கிட்டப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"இஞ்சாருங்கோ. நீங்கள் ஏதும் போட்டனீங்களோ?"

சூசை வலையைக் கீழே இறக்கினார். "போட்டனான். மூண்டு நாள்தான்."

"அந்தோனியாற்றை கோழிக்கோ?"

"அந்தோனியாற்றை கோழி எண்டபடியாத்தான். ரெண்டாம் கிழமை அந்த மழைக்குள்ள எல்லாம் குறண்டிக்கொண்டு நிண்டுதுகள். எலும்பும் தோலுமா ஏலத்துக்குக் கொண்டுபோனால் ஊர் சிரிக்கும். அவருக்குத்தானே அவமானம்?"

பிலோமினா தட்டைக் கீழே வைத்தார். கோபிப்பார் என்று நினைத்தேன், அழுதுவிட்டார். "அப்ப என்ர நேர்த்தி நிறைவேறேல்லையோ?" என்று என்னிடம் கேட்டார். சூசை எழுந்து வந்து, ஈரக் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல், "சுவாமியாரிட்டைக் கேப்பம், அழாதையும்" என்றார்.

நான் வைத்தியருக்கு அழைப்பு எடுத்தேன். நாலு கிழமைக்கு முன்னர் மூன்று நாள் போட்ட மருந்தால் இன்றைக்கும் குடல் மெல்லிசாக இருக்குமா? "இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். மணலாலையும் இருக்கலாம். ஒரு கோழியை வச்சு ஒண்டும் சொல்லேலாது அக்கா." மருந்து போட்டது மூன்று நாள், மணல் மாற்றியது நாற்பத்தொரு நாள். வளர்த்தது எது? மழையில் அந்த மூன்று நாளும் போடாவிட்டால் பத்தும் செத்திருக்குமா, அல்லது சூசைதான் வீணாகப் பயந்தாரா? முந்தைய நாள் 'நிச்சயம்' என்று சொன்ன வாயைத் தைத்துவிடலாம் போல் இருந்தது. அந்தக் கோழிக்கறியை நான் தொடவில்லை.

போக நினைப்பவர்களுக்கு இவ்விடத்தில் சொல்லிவிடுகிறேன், பிறகு எனக்கு மனம் வராது. முல்லைத்தீவில் இருந்து மாங்குளம் ஊடாக வவுனியாவுக்கு நேர் பஸ் இருக்கிறது, 380 ரூபா, இரண்டரை மணி நேரம். நான் பிற்பகல் 3.15 பஸ்ஸைப் பிடித்தேன். பரந்தன் சுற்றிப் போகத் தேவையில்லை. மாசியில் பகல் வெயில் கடுமை, குறைந்தது இரண்டு தண்ணீர்ப் போத்தல் வேண்டும். பஸ் நேரங்களை நிறுத்தத்தில் மறுபடி கேளுங்கள். யாருடைய கோழிக்கொட்டிலுக்காவது போவதென்றால் ஒரு கொட்டிலில் போட்ட செருப்போடு அடுத்ததற்குள் போகாதீர்கள், வருத்தம் காலோடு வரும். பவுடர் விஷயத்தில் என்னை நம்பவேண்டாம். உங்கள் பகுதி மிருகவைத்தியரைக் கேளுங்கள். அவர் 'தெரியாது' என்று சொன்னால் அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பூவரசங்குளம் போய்ச் சேர இரவு ஏழரை. அன்று சாந்தியிடம் சொல்லத் தைரியம் வரவில்லை. புதன் காலை கொட்டிலுக்குள் அவள் உமி பரப்பிக்கொண்டிருந்தபோது எல்லாவற்றையும் சொன்னேன்; மூன்று நாள், குடல், வைத்தியரின் 'இருக்கலாம்', ஒன்றும் விடாமல். அவள் உமி வாரியில் சாய்ந்து நின்று கேட்டாள்.

"எனக்கு விளங்கேல்லை சாந்தி. நான் அவசரப்பட்டுச் சொல்லிப்போட்டன்."

"மணல் ஒவ்வொரு நாளும் மாத்தினவாவோ?"

"ஓம்."

"அது நிச்சயமோ?"

"அது மட்டும் நிச்சயம். அவா பொய் சொல்லமாட்டா."

அவள் கொட்டிலின் நீளத்தை ஒருமுறை பார்த்தாள். "முந்நூறுக்குக் கீழ ஒவ்வொரு நாளும் அள்ளிக் கொட்ட நான் ஒருத்தி காணாது." அங்கேயே குஞ்சுக்காரருக்கு அழைப்பு எடுத்து, நூறு போதும் என்றாள். அவர் சத்தம் போட்டது எனக்கே கேட்டது. அவள், "நூறுதான் அண்ணை, முடிஞ்சால் கொண்டுவாங்கோ" என்று வைத்துவிட்டாள். நூறு கோழியில் வீடு நடத்த முடியாது. அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பவுடரைத் திருப்பி வாங்கினாளா என்று நான் கேட்கவில்லை.

வியாழன் காலை குஞ்சுகள் வந்தன. கொட்டிலின் ஒரு மூலையை மட்டும் அடைத்து, அதற்குள் விட்டாள். என்னை வழியனுப்ப பஸ் நிறுத்தம் வரை வந்தவள் சொன்னாள்: "இனிக் கோழியைப் பற்றி உங்களைக் கேக்கமாட்டன் அக்கா. கோவமில்லை. பிழைச்சால் என்ர பிழையா இருக்கட்டும், உங்கட எண்டால் எனக்குத் தாங்கேலாது."

எனக்கு அது நிம்மதியாக இருந்ததா, சுட்டதா என்று இன்னும் பிடிபடவில்லை. கொழும்பு வந்து மூன்று கிழமைக்கு மேலாகிறது. நாளாந்தம் பேசுகிறோம், பிள்ளைகளின் பள்ளிக்கூடம், கிணற்றுத் தண்ணீர், என் முதுகுநோ. கோழியைப் பற்றி அவள் ஒரு சொல் சொல்வதில்லை. அவள் பேசும்போது பின்னால் சத்தம் கேட்கிறது. அவள் சொல்வதை விட்டுவிட்டு, அது எத்தனை கோழியின் சத்தம் என்று காதால் எண்ணிக்கொண்டிருக்கிறேன்.